2147483647 பகா எண்தானா? தாளும் பேனாவும் வைத்து நீங்களே சரிபார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

நிரல் எழுதுகிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறையாவது திட்டியிருப்பார்கள். இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. கணினியில் 32 பிட்டில், அதாவது 0 அல்லது 1 நிற்கும் 32 இடங்களில், கூட்டல்-கழித்தல் குறியோடு சேமிக்கப்படும் முழு எண் இதற்கு மேல் போகாது. ஒன்று கூட்டினால் தடாலென்று எதிர்மறைக்குக் கவிழ்ந்துவிடும். 2014 டிசம்பரில் ஒரு தென்கொரியப் பாட்டு யூடியூபில் இந்த எல்லையைத் தாண்டியபோது, பார்வைகளை எண்ணும் முறையையே மாற்ற வேண்டியதாயிற்று. 1970 ஜனவரி 1-இலிருந்து வினாடிகளை 32 பிட்டில் எண்ணிக்கொண்டிருக்கும் பழைய கணினிகள் 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடிக்கு இந்த எண்ணைத் தொடும். அடுத்த வினாடியே 1901 டிசம்பருக்குப் பின்னால் போய் நிற்கும்.

இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதைதான். இந்த எண் ஒரு பகா எண் என்பதும், அதை 1772-இலேயே ஒருவர் நிறுவிவிட்டார் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த கணிதர் ஆய்லர். அப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார், வயது அறுபத்தைந்தை ஒட்டி, கண்பார்வை கிட்டத்தட்ட முழுதாகப் போயிருந்தது. கணினி கிடையாது, கால்குலேட்டர் கிடையாது. எப்படி முடிந்தது?

அந்த வழியைத்தான் இங்கே படிப்படியாகப் போகப் போகிறோம். பத்தாம் வகுப்புக் கணக்கு நினைவிருந்தால் போதும். ஒரு நோட்டு, ஒரு சாதாரணக் கால்குலேட்டர், ஞாயிற்றுக்கிழமை மதியம். இவ்வளவுதான் தேவை.

படி 1: எண்ணின் முகத்தைப் பாருங்கள்

2147483647 என்று எழுதினால் அது ஒரு தொலைபேசி எண் மாதிரிதான் இருக்கும். இலக்கங்களில் எந்த ஒழுங்கும் தெரியாது. அதையே இருமத்தில், அதாவது 0, 1 இரண்டை மட்டும் வைத்து எழுதும் முறையில், எழுதுங்கள்: வெறும் ஒன்றுகள், வரிசையாக 31. பதின்ம முறையில் 999 என்பது 10³ − 1 என்பதுபோல, இருமத்தில் 31 ஒன்றுகள் என்றால் 2³¹ − 1. இப்படி 2-இன் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்துக் கிடைக்கும் பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். 3, 7, 31, 127, 8191, 131071, 524287 என்று போகும் அந்த வரிசையில் நம் எண் எட்டாவது.

31 என்ற எண்ணிக்கை முக்கியம். 30 ஒன்றுகள் இருந்திருந்தால் அவற்றை ஐந்தைந்தாகப் பிரிக்கலாம்: 11111 ஆறு முறை. அப்படியானால் அந்த எண் 11111-ஆல், அதாவது 31-ஆல் வகுபடும். 999999 என்ற எண் 999-ஆல் வகுபடுகிறதல்லவா, அதே கதை. 31 ஒன்றுகளை இப்படிச் சமமாகப் பங்கு போடவே முடியாது, ஏனென்றால் 31 பகா எண். ஆகவே அடுக்கு பகா எண்ணாக இருந்தால்தான் பேச்சே தொடங்கும்.

அதற்காக அடுக்கு பகா எண்ணாக இருந்தாலே போதும் என்று நினைத்துவிடக் கூடாது. 11 பகா எண். ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. இந்தக் குழியில் பெரிய ஆட்களே விழுந்திருக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள், அந்தக் கதை பின்னால் வருகிறது.

படி 2: மீதியை மட்டும் பார்க்கப் பழகுங்கள்

இன்று செவ்வாய் என்றால் 31 நாள் கழித்து என்ன கிழமை? யாரும் 31 வரை எண்ண மாட்டோம். நான்கு வாரம் போக மீதி 3, ஆக வெள்ளி. பள்ளிப் பாடநூலில் மட்டு எண்கணிதம் என்று படித்தது இதுதான்: எண்ணை விட்டுவிட்டு மீதியை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது. 7-ஆல் வகுத்த மீதியை மட்டும் பார்த்தால் அது ‘மட்டு 7’.

இதை வைத்து ஒரு சின்னப் பயிற்சி. நம் எண் 7-ஆல் வகுபடுமா? 2³ = 8, மட்டு 7-இல் அது 1. அப்படியானால் 2³⁰ = (2³)¹⁰ என்பதும் 1. 2³¹ என்பது 2. ஒன்றைக் கழித்தால் மீதி 1. வகுபடாது. பத்து இலக்க எண்ணைத் தொடவே இல்லை, கவனித்தீர்களா? 5-க்கு: 2⁴ = 16, மீதி 1. 31-இல் 28 போக 3 இருக்கிறது, 2³ − 1 = 7, மீதி 2. வகுபடாது. 11, 13 இரண்டையும் நீங்களே போட்டுப் பாருங்கள். 11-க்கு மீதி 1, 13-க்கு 10 வர வேண்டும்.

படி 3: எதுவரை தேட வேண்டும்?

ஒரு எண் இரண்டு காரணிகளாக உடைந்தால் அதில் சிறியது வர்க்கமூலத்தைத் தாண்டாது. 46340² = 2147395600. 46341² = 2147488281. நம் எண் இரண்டுக்கும் நடுவில். ஆகவே 46340 வரை உள்ள பகா எண்களில் எதுவும் வகுக்காவிட்டால் வேலை முடிந்தது.

முடிந்தது என்று சொல்லிவிட்டேன், ஆனால் 46340 வரை 4792 பகா எண்கள் இருக்கின்றன. முதன்முதலில் நான் இதைச் செய்ய உட்கார்ந்தபோது 2, 3, 5, 7 என்று வரிசையாக வகுக்கத் தொடங்கினேன். 200-ஐத் தாண்டுவதற்குள் கை ஓய்ந்துவிட்டது. அந்த வகுத்தல்களில் ஒன்றுகூடத் தேவையே இல்லை என்பது அடுத்த படியைப் படித்த பிறகுதான் தெரிந்தது.

படி 4: முதல் சல்லடை, 62

இதுதான் இந்த வழிகாட்டியின் இதயம். மெதுவாகப் படியுங்கள்.

‘வ’ என்ற ஒரு பகா எண் நம் எண்ணை வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மட்டு வ-இல் 2³¹ − 1 = 0, அதாவது 2³¹ = 1. ஒன்றில் தொடங்கி இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் 31-ஆவது அடியில் மறுபடி ஒன்றுக்கு வந்துவிடுகிறோம். ஒரு வட்டப் பாதை மாதிரி.

அந்த வட்டம் 31-ஐவிடச் சிறியதாக இருக்க முடியுமா? 31 அடியில் தொடங்கிய இடத்துக்கே வருகிறோம் என்றால் வட்டத்தின் நீளம் 31-ஐ மிச்சமின்றி வகுக்க வேண்டும். 31 பகா எண், ஆக நீளம் 1 அல்லது 31. நீளம் 1 என்றால் 2-உம் 1-உம் ஒன்று என்றாகிவிடும், அது நடக்காது. எனவே வட்டம் சரியாக 31 அடி.

இங்கே பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மாவின் சிறிய தேற்றம் வருகிறது. வ ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருந்தால், மட்டு வ-இல் 2-ஐ (வ − 1) முறை பெருக்கினால் எப்போதும் 1 வரும். அப்படியானால் (வ − 1) அடியிலும் நாம் தொடங்கிய இடத்துக்கே வருகிறோம். வட்டம் 31 அடி என்பதால் (வ − 1) என்பது 31-இன் மடங்காகத்தான் இருக்க வேண்டும். வ ஒற்றைப்படை, ஆக (வ − 1) இரட்டைப்படை. இரண்டையும் சேர்த்தால் (வ − 1) என்பது 62-இன் மடங்கு.

வகுக்க வாய்ப்புள்ளவை 63, 125, 187, 249, 311... இவ்வளவுதான். முதல் நான்கும் பகா எண்களே அல்ல (187 = 11 × 17, 249 = 3 × 83). ஆக 310 வரை உள்ள ஒரு பகா எண்ணும் நம் எண்ணை வகுக்காது. நான் கை வலிக்க வகுத்ததெல்லாம் இந்த ஒரே வரியில் அடிபட்டுப் போயிற்று.

படி 5: இரண்டாவது சல்லடை, 8

மட்டு வ-இல் 2³¹ = 1 என்றோம். இரண்டு பக்கமும் 2-ஆல் பெருக்குங்கள்: 2³² = 2. இடது பக்கத்தை (2¹⁶)² என்று எழுதலாம். 2¹⁶ = 65536. ஆக 65536-ஐ வர்க்கப்படுத்தினால் 2 வருகிறது. வேறு மாதிரிச் சொன்னால், மட்டு வ-இல் 2-க்கு ஒரு முழு எண் வர்க்கமூலம் இருக்கிறது.

எல்லாப் பகா எண்களுக்கும் இந்த யோகம் கிடையாது. 7-க்கு உண்டு: 3² = 9, மீதி 2. 17-க்கு உண்டு: 6² = 36, மீதி 2. 23-க்கு 5² = 25. 31-க்கு 8² = 64. ஆனால் 3, 5, 11, 13 இவற்றில் எந்த எண்ணை வர்க்கப்படுத்தினாலும் மீதி 2 வராது, வேண்டுமானால் போட்டுப் பாருங்கள். இதன் விதி: 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரும் பகா எண்களுக்கு மட்டும்தான் 2-க்கு வர்க்கமூலம் உண்டு. இதன் நிரூபணம் அழகானது, ஆனால் இங்கே சேர்த்தால் கட்டுரை இருமடங்காகிவிடும். இந்த ஒன்றை மட்டும் நம்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

62-இன் நிபந்தனையையும் 8-இன் நிபந்தனையையும் ஒன்றாகப் போட்டால் பாதி ஆட்கள் வெளியே போய்விடுவார்கள். மிஞ்சுவது இரண்டே வகை: 248-இன் மடங்கோடு 1 கூட்டியவை, 248-இன் மடங்கோடு 63 கூட்டியவை. 46340 வரை முதல் வகையில் 186. இரண்டாம் வகையில், 63-ஐ விட்டுவிட்டால், இன்னொரு 186. மொத்தம் 372. அதிலும் பெரும்பாலானவை பகு எண்கள். அவற்றையும் தள்ளிவிட்டால் நூறுக்கும் குறைவான பகா எண்களே பாக்கி.

4792-இலிருந்து நூறுக்கும் கீழே வந்துவிட்டோம், இன்னும் நம் எண்ணை ஒருமுறைகூட வகுக்கவில்லை.

படி 6: இப்போது வகுங்கள், ஆனால் புத்திசாலித்தனமாக

பத்து இலக்க எண்ணை நேரடியாக வகுக்காதீர்கள். 65536-ஐ வகுத்து மீதியை எடுங்கள். அந்த மீதியை வர்க்கப்படுத்தி மறுபடி வகுங்கள். மீதி 2 வந்தால் வ என்பது காரணி. வராவிட்டால் இல்லை. அவ்வளவுதான் சோதனை.

பட்டியலைத் தொடங்குவோம். 249, 497, 559, 745, 807, 993, 1055, 1241 எல்லாம் பகு எண்கள், தள்ளுங்கள். 311-ஐ எடுப்போம். 65536-ஐ 311-ஆல் வகுத்தால் மீதி 226. அதை −85 என்று வைத்துக்கொள்வது சுலபம், ஏனென்றால் 226 − 311 = −85. (−85)² = 7225. 311 × 23 = 7153. மீதி 72. இரண்டு இல்லை, 311 வெளியே.

அடுத்தது 1303. 65536-இல் 1303 × 50 = 65150 போக மீதி 386. 386² = 148996. 1303 × 114 = 148542. மீதி 454. வெளியே.

1489 எனக்குப் பிடித்தது. 1489 × 44 = 65516, மீதி வெறும் 20. 20² = 400. வெளியே.

பிறகு 2543. இதற்கு நடுவில் 2047 வருகிறது, சற்று முன்பு பார்த்த அதே 23 × 89, ஆகவே தாண்டிப் போகலாம். 65536-இல் 2543 × 26 = 66118-ஐக் கழித்தால் −582. 582² = 338724. 2543 × 133 = 338219. மீதி 505. வெளியே.

இப்படியே 46340 வரை. நிதானமாகச் செய்தால் ஒரு எண்ணுக்கு இரண்டு நிமிடம். ஒரு எச்சரிக்கை: மீதி பாதிக்கு மேல் இருந்தால் எதிர்மறையாக மாற்றிவிட்டு வர்க்கப்படுத்துங்கள். அவசரத்தில் அதை விட்டுவிட்டால் கால்குலேட்டரில் பெரிய பெரிய எண்களைத் தட்ட நேர்ந்து, எங்காவது ஒரு இலக்கம் நழுவிவிடும். எனக்கு இரண்டு தடவை நழுவியது.

எதுவும் 2 தராது. ஆகவே 2147483647 பகா எண்.

படி 7: சோதனையையே சோதித்துப் பாருங்கள்

‘எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று வருகிறதே, இந்தச் சோதனை என்றைக்காவது ஆம் என்று சொல்லுமா?’ என்று சந்தேகம் வரும். வர வேண்டும். இதற்குப் பழைய கதை ஒன்று உதவும்.

இத்தாலியக் கணிதர் கட்டால்டி 1603-இல் வெளியிட்ட நூலில் 2-இன் அடுக்கு 23, 29, 31, 37 ஆக இருக்கும்போதும் ஒன்றைக் கழித்தால் பகா எண் வரும் என்று எழுதினார். நான்கில் மூன்று தப்பு. நம் சோதனையை அந்த மூன்றிலும் ஓட்டிப் பார்ப்போம்.

அடுக்கு 23: காரணிகள் 46-இன் மடங்கோடு ஒன்று கூட்டியவை. முதல் ஆளே 47. 8-ஆல் வகுத்தால் மீதி 7, தகுதி உண்டு. இங்கே 65536-க்குப் பதில் 2¹² = 4096. 47 × 87 = 4089, மீதி 7. 7² = 49, மீதி 2. பிடிபட்டது!

அடுக்கு 37: 74-இன் மடங்கோடு ஒன்று. 75 பகு எண், 149-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 5, தகுதி இல்லை. அடுத்தது 223. 2¹⁹ = 524288, மட்டு 223-இல் மீதி 15. 15² = 225, மீதி 2. இதுவும் பிடிபட்டது. இந்த இரண்டையும் 1640-இல் ஃபெர்மா கண்டுபிடித்துவிட்டார். சிறிய தேற்றம் பிறந்ததே இந்த மாதிரித் தேடலில்தான்.

அடுக்கு 29: 58-இன் மடங்கோடு ஒன்று. 59 தகுதியில்லை, 117-உம் 175-உம் பகு எண்கள். அடுத்தது 233. 2¹⁵ = 32768, மட்டு 233-இல் மீதி 148. 148² = 21904. 233 × 94 = 21902. மீதி 2. இதைப் பிடித்தவர் ஆய்லர்.

மூன்று எண்களும் தகுதியுள்ள முதல் ஆளிடமே மாட்டிக்கொண்டன. 31 மட்டும் கடைசி ஆள் வரை தப்பித்துப் போயிற்று. கட்டால்டி சொன்ன நான்கில் அது ஒன்றுதான் நிஜம்.

படி 8: இந்த எண்ணின் உள்ளே ஓர் உலகம்

பகா எண் என்று தெரிந்துவிட்டது. இனி அதையே மட்டாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் சில விநோதங்கள் கிடைக்கும். எல்லாமே 2³¹ = 1 என்ற ஒரு வரியிலிருந்து வருபவை.

முதல் விநோதம்: வகுத்தலே வேண்டாம். 2³¹-உம் 1-உம் இங்கே ஒன்று என்பதால், பெரிய எண்ணை இருமத்தில் எழுதி, கடைசி 31 பிட்டை வெட்டி, மேலே மிஞ்சியதை அதோடு கூட்டினால் மீதி வந்துவிடும். வேட்டியை மடித்துக் கட்டுவது மாதிரி. கணினிக்கு வகுத்தல் மெதுவான வேலை, வெட்டிக் கூட்டுவது நொடியில் முடியும்.

இரண்டாவது: 2-ஆல் பெருக்குவது என்றால் 31 பிட்டுகளையும் ஓர் இடம் இடப்பக்கம் நகர்த்தி, வெளியே விழுந்த பிட்டை வலது மூலையில் சொருகுவது. பெருக்கல் ராட்டினமாகிவிடுகிறது. 31 தடவை சுற்றினால் பழைய எண்.

மூன்றாவது: √2 இங்கே முழு எண், அது 65536. 65536² = 4294967296. நம் எண்ணின் இருமடங்கு 4294967294. மீதி 2. இன்னும் வேடிக்கை, வர்க்கமூலம் உள்ள எந்த எண்ணுக்கும் அதை எடுக்க ஒரே செய்முறைதான்: எண்ணை 29 முறை தொடர்ந்து வர்க்கப்படுத்துங்கள், வர்க்கமூலம் வந்து நிற்கும். வர்க்கப்படுத்தி வர்க்கமூலம் எடுப்பது!

2-இன் வட்டம் 31 அடியில் முடிந்துவிடுகிறது. நீளமான வட்டம் வேண்டுமென்றால்? 7-ஐ எடுங்கள். 7-ஆல் பெருக்கிக்கொண்டே போனால் 1 முதல் 2147483646 வரை உள்ள ஒவ்வொரு எண்ணையும் ஒரு தடவை தொட்ட பிறகுதான் 1-க்குத் திரும்பும். இப்படிப்பட்டதற்கு முதன்மை மூலம் என்று பெயர். நம் எண்ணுக்கு அந்தத் தகுதி உள்ள மிகச் சிறிய எண் 7. சரிபார்க்க இருநூறு கோடி அடி நடக்க வேண்டாம். ஒன்று குறைத்துக் காரணிப்படுத்துங்கள்: 2147483646 = 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. இந்த ஏழு பகா எண்கள் ஒவ்வொன்றாலும் 2147483646-ஐ வகுத்து, வரும் ஈவை 7-க்கு அடுக்காகப் போடுங்கள். ஒன்றில்கூட விடை 1 வராவிட்டால் வட்டம் முழுமையானது.

7⁵ = 16807. ஐந்து அந்தக் காரணிப் பட்டியலில் இல்லாததால் 16807-உம் முழு வட்டம் போகும். கணினிகளில் போலிச் சமவாய்ப்பு எண்களை உருவாக்கப் பல ஆண்டுகள் பயன்பட்ட சூத்திரம் இதுதான்: கையில் உள்ள எண்ணை 16807-ஆல் பெருக்கு, 2147483647-ஆல் வகுத்த மீதியை எடு. 1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073, 984943658 என்று போகும். நீங்களே நிரல் எழுதினால் பத்தாயிரமாவது எண் 1043618065 வருகிறதா என்று பாருங்கள். வந்தால் நிரல் சரி. ரகசியக் குறியீட்டு வேலைக்கு மட்டும் இதைத் தொடாதீர்கள். ஒரு எண் தெரிந்தாலே அடுத்ததைச் சொல்லிவிடலாம்.

படி 9: அக்கம்பக்கம்

இதற்கு முந்தைய பகா எண் 2147483629, அடுத்தது 2147483659. இரட்டைப் பகா எண் ஆகும் வாய்ப்பு இல்லை, ஏனென்றால் இரண்டு கூட்டினால் 3-ஆல் வகுபடும், இரண்டு குறைத்தால் 5-இல் முடியும். பகா எண் வரிசையில் இதன் இடம் 105097565. இருமடங்கோடு ஒன்று கூட்டினால் 2³² − 1 வரும். அது 3 × 5 × 17 × 257 × 65537 என்று, நமக்குத் தெரிந்த ஐந்து ஃபெர்மா பகா எண்களாகவே (2-இன் அடுக்கோடு ஒன்று கூட்டிக் கிடைக்கும் பகா எண்கள்) உடைந்து விழும். எனக்கு இது கோலத்தில் எதிர்பாராமல் இழை சேருவது மாதிரி இருக்கும்.

2³⁰-ஆல் இதைப் பெருக்கினால் 2305843008139952128. இது ஒரு நிறைவெண்: தன்னைத் தவிர்த்த வகுஎண்கள் அனைத்தையும் கூட்டினால் அதே எண். இங்கிலாந்தைச் சேர்ந்த பீட்டர் பார்லோ 1811-இல், நிறைவெண்களில் இதைவிடப் பெரியதை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, பயனில்லாத வெறும் வேடிக்கைக்காக யார் மெனக்கெடுவார்கள் என்ற பொருளில் எழுதினார். மனிதர்களின் வேண்டாத வேலை ஆர்வத்தை அவர் குறைத்து மதிப்பிட்டுவிட்டார். 1876-இல் பிரெஞ்சுக் கணிதர் லூக்கா 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டினார், அதற்கு 39 இலக்கங்கள். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்பதற்கு 4,10,24,320 இலக்கங்கள்.

நம் எண்ணையே அடுக்காகப் போட்டால் என்ன? 64 கோடிக்கும் மேல் இலக்கங்கள் கொண்ட ஒரு ராட்சசன் கிடைப்பான். அவன் பகா எண் இல்லை. படி 4-இன் சல்லடையே அவனுக்கும் பொருந்தும்: காரணி என்றால் 2 × 2147483647-இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாக இருக்க வேண்டும். 68745-ஆவது மடங்கில் 295257526626031 என்ற காரணி உட்கார்ந்திருக்கிறது.

படி 10: இருபத்தொன்பது அடியில் முடிக்கும் வழி

ஆய்லரின் வழி அழகானது, ஆனால் 2¹²⁷ − 1 போன்ற எண்ணுக்கு அது எடுபடாது, அத்தனை காரணிகளைத் தேட ஆயுள் போதாது. லூக்கா வேறு வழி கண்டுபிடித்தார், 1930-இல் அமெரிக்கக் கணிதர் லெமர் அதை எளிமையாக்கினார். இன்றைக்கும் மெர்சென் எண்களுக்கு இறுதித் தீர்ப்பு சொல்வது இதுதான். 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள், மீதியை எடுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை இப்படிச் செய்து 0 வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண்.

முதலில் 127-இல் கை பழகுங்கள். அடுக்கு 7, ஆக ஐந்து தடவை. 4, 14, அப்புறம் 194. அது 127-ஐத் தாண்டிவிட்டதால் மீதி 67. 67² − 2 = 4487. இங்கே மடிக்கும் வித்தையைப் போடுங்கள்: 4487-இல் 128 முப்பத்தைந்து தடவை போகும், மிச்சம் 7. 35 + 7 = 42. அடுத்து 42² − 2 = 1762, மடித்தால் 13 + 98 = 111. கடைசியாக 111² − 2 = 12319 = 127 × 97. மீதி 0.

நம் எண்ணுக்கு இருபத்தொன்பது தடவை. 4, 14, 194, 37634, 1416317954. இதுவரை மடிக்கத் தேவையில்லை. அடுத்ததை மடித்தால் 669670838. இதற்கு மேல் சாதாரணக் கால்குலேட்டர் திணறும், கைபேசியில் ஒரு சின்ன நிரல் போதும், பத்து வரி வராது. ஓடவிட்டு இருபத்தெட்டாவது அடியில் நிறுத்துங்கள். அடுத்த அடியில் 0 வர வேண்டுமென்றால் இங்கே நிற்கும் எண்ணின் வர்க்கம் 2 ஆக இருந்தாக வேண்டும். அப்படிப்பட்ட எண்கள் இந்த உலகில் இரண்டே இரண்டு: 2147418111, அல்லது நாம் 311-ஐ வெளியே அனுப்பியதிலிருந்து கூடவே வந்துகொண்டிருக்கும் 65536. திரையில் எது வந்து நிற்கிறது என்று பாருங்கள்.